செண்பகத்தின் அரங்குப் பலகை

தூத்துக்குடியில் மரக்கடை வைத்திருப்பவனுக்குக் கிறுக்குப் பிடித்தால் என்ன செய்வான்? ஊரே அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒரு வீடு கட்டுவான். மிஞ்சிப் போனால் சொந்தமாக ஒரு தோணி கட்டிக் கொழும்புக்கு ஓட்டி நஷ்டப்படுவான். மந்திரமூர்த்தி அண்ணாச்சி ஆகாய விமானம் கட்டினார்.

ஏன் கட்டினார் என்று என்னைக் கேட்காதீர்கள். புறா வளர்க்கிறவனிடம் போய் ஏன் வளர்க்கிறாய் என்று கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் முத்துக்கனியைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கடை தன்போக்கில் நடந்தது. மனுஷனுக்கு நாற்பத்தைந்து வயதில் ஓர் ஆசை வந்தது, அவ்வளவுதான். தேக்கு வாங்கப் போகிறேன் என்று மெட்ராஸுக்குப் போனவர், இரண்டு மாதம் அங்கேயே தங்கி விமானம் ஓட்டப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். கையில் தேக்கு இல்லை. அமெரிக்காவிலிருந்து தபாலில் வரவழைத்த வரைபடங்கள் ஒரு கட்டு இருந்தன.

அவர் மனைவி செண்பகம் சும்மா விடவில்லை. சண்டை போட்டாள். அழுதாள். மூன்று நாள் உப்பில்லாமல் சமைத்தாள். அவர் உப்பில்லாச் சோற்றை அள்ளி அள்ளித் தின்றுவிட்டு, மில்லர்புரத்து வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட ஆரம்பித்தார்.

"கீழ விழுந்தா என்னங்க செய்யிறது?" என்று கேட்டாள்.

"விழாத மாதிரி கட்டணும்ளா. எல்லாம் மரத்துலதான் இருக்கு."

அங்கேதான் வினை. பழைய ஃபோர்டு கார் இன்ஜின் ஒன்று கோயம்புத்தூரில் கிடைத்துவிட்டது. சக்கரம், கம்பி, துணி எல்லாம் கிடைத்தன. மரக்கடைக்காரருக்குக் கிடைக்காதது மரம் ஒன்றுதான்! கடை நிறைய மரம் இருந்தது, ஒன்றுகூட உதவாது. தேக்கு, வேங்கை எல்லாம் கட்டிலுக்கும் கதவுக்கும் ஆகும், பறக்க ஆகாது. கட்டுமரம் கட்டுகிற மரம் லேசாக இருந்தது, ஆனால் முழங்காலில் வைத்து அழுத்தினால் பொடுக்கென்று போனது. தோணியின் பாய்மரத்துக்குப் போடுகிற புன்னை நீளத்துக்குச் சரி, கனத்துக்குச் சரியில்லை. முப்பது வருஷமாக, "தூக்கிப் பாருங்க, என்ன கனம்!" என்று சொல்லி மரம் விற்ற மனுஷன், இப்போது ஒவ்வொரு மரத்தையும் தூக்கிப் பார்த்து, "சே, என்ன கனம்!" என்று கீழே போட்டார்.

இரண்டு இறக்கைகளையும் தாங்குகிற முதுகுக் கட்டைகளுக்குத்தான் இந்தப் பாடு. இரண்டு ஆள் நீளத்துக்கு மேல் ஒரே பலகையாக வேண்டும். கணு இருக்கக் கூடாது. நார் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திரும்பாமல் ஓடியிருக்க வேண்டும். குளிர் நாட்டில் மெதுவாக வளர்ந்த தேவதாரு வகையாக இருக்க வேண்டும். தினமும் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து இதே புராணம்தான்.

"பாக்க முழுப் பலகையா இருக்கணும், ஒரு பொம்பளைப் புள்ள ஒத்தைக் கையால ஒரு முனையைத் தூக்கிரணும். அப்படி ஒரு மரம் இந்த ஊருல எங்கன இருக்கு, சொல்லு பார்ப்போம்."

செண்பகத்தின் கையில் இருந்த ரசக் கரண்டி நின்றுவிட்டது. ஏனென்றால் அவளுக்குத் தெரியும். அது இதே வீட்டில், அரங்குக்குள் இருந்தது.

வீட்டின் உள்ளறையைத்தான் அங்கே அரங்கு என்பார்கள். அரங்குச் சுவரில் முளையடித்து, அதன்மேல் ஒரு நீளப் பலகை கிடந்தது. பித்தளைப் பானை, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் அதன்மேல்தான். அவள் கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்கு வெள்ளையடிக்க அதை இறக்கினார்கள். புதுப்பெண் இவ்வளவு பெரிய பலகையைத் தூக்க முடியாமல் விழித்தால் மாமியார் சிரிப்பாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். பிடித்தால், ஒற்றைக் கையில் மேலே வந்துவிட்டது! மாமியார் நிஜமாகவே சிரித்துவிட்டாள். "கப்பல் பலகைளா அது. ஒன் மாமா ஏலத்துல எடுத்தாரு. கப்பல் ஓரத்துல கயித்துல கெட்டித் தொங்கவிட்டு, பெயின்ட் அடிக்கிறவன் அதுல ஏறி நிப்பானாம். ஆளு உசுரு நிக்கிற பலகை, அதான் கணு இல்லாத மரமா போட்டிருக்கான்" என்றாள்.

மாமியாரும் போய்ச் சேர்ந்தாள், மாமனார் சிவனணைந்தபெருமாளும் போய்ச் சேர்ந்தார். பலகைக்கு வருஷாவருஷம் ஒரு பூச்சு பச்சை பெயின்ட் ஏறி, அது மரமா தகரமா என்றே தெரியாமல் போயிற்று. மந்திரமூர்த்தி அந்தப் பலகைக்குக் கீழேதான் மத்தியானம் துண்டை விரித்துப் படுப்பார். கடையில் கிடக்கிற மரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தட்டியே இன்னதென்று சொல்லுகிறவருக்கு, தலைக்கு மேலே கிடந்தது கண்ணில் படவில்லை. வீட்டுச் சாமானை யார் மரம் என்று பார்க்கிறார்கள்?

செண்பகம் வாயைத் திறக்கவில்லை. திறப்பாளா? அந்தப் பலகை வெளியே வந்தால் புருஷன் ஆகாயத்துக்குப் போவார். அது அங்கேயே கிடந்தால் அவர் தரையில் கிடப்பார். மறுநாளே பரணில் கிடந்த பழைய அண்டா ஒன்றையும் எடுத்து அந்தப் பலகைமேல் ஏற்றினாள். போதாக்குறைக்கு ஒரு பழைய சேலையை முன்னால் தொங்கவிட்டாள். பாத்திரத்தில் தூசி விழுகிறதாம்.

இரண்டு மழைக்காலம் இப்படியே போயிற்று. அவர் துறைமுகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். கூட அலைந்தது திரேஸ்புரத்து பர்னபாஸ். தோணி கட்டுகிற தச்சரை அங்கே ஓடாவி என்பார்கள். பர்னபாஸ் பேர்போன ஓடாவி. அவருக்கு இந்த விமானத்தில் அண்ணாச்சியைவிடக் கிறுக்கு அதிகம். ஆனால் மரம் என்று வந்தால் இரண்டு பேருக்கும் ஒத்துவராது.

"வளைஞ்ச மரமாப் பாத்துப் பாத்துத் தேடுறவன் அண்ணாச்சி நான். தோணி வயித்துக்கு அதுதான் வேணும். ஒமக்கு என்னடான்னா நூல் பிடிச்ச மாதிரி வேணுங்கீரு. ஆண்டவர் நூல் பிடிச்சா மரம் படைச்சாரு?"

கடைசியில் ஆண்டவர் இரங்கினார். எங்கோ வடக்கு தேசத்துக் கப்பல் ஒன்று சரக்கு இறக்கியபோது, மூட்டைகள் நகராமலிருக்க முட்டுக்கொடுத்திருந்த பலகைகளை வெளியே எறிந்தார்கள். அதில் ஒரு பலகை! அண்ணாச்சி அதைத் தட்டினார், முகர்ந்தார், பேனாவை உதறி ஒரு மைத்துளி விட்டார். மை நாரோடு நேர்க்கோடாக ஓடியது. துறைமுகக் கூலிகள் பார்த்திருக்க, வெள்ளை வேட்டியோடு பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். "இனிமே எவன் கேட்டாலும் இது என் பலகை" என்றார்.

செண்பகத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒளித்து வைத்து என்ன பிரயோஜனம், கடல் கொண்டுவந்து கொடுத்துவிட்டதே!

பர்னபாஸ் அதைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோய் நாலாக அறுத்து, இழைத்து, சில நாள் கழித்துக் கொண்டுவந்தார். கொட்டகையில் வேலை மும்முரமானது. ஒட்டுகிற பசையைப் பக்குவம் பார்த்துக் கலக்குவார் அண்ணாச்சி. அந்த நேரத்தில் செண்பகம் காப்பி கொண்டுபோனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

"ஏளா, எண்ணெய்த் தலையோட உள்ள வராத! எண்ணெய் பட்ட மரத்துல பசை பிடிச்ச மாதிரி நடிக்கும். இன்னைக்கு இழுத்தாலும் வராது. ஒரு நாள் நல்ல வெயில்ல, மேல போய் நிக்கும்போது சத்தமில்லாம விட்டுட்டுப் போயிரும்."

"விட்டுட்டுப் போயிரும்" என்பதை அவர் சாதாரணமாகச் சொன்னார். அவளுக்குத்தான் அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

இறக்கையின் கூடு முடிந்ததும் ஒரு சோதனை. காற்று கீழிருந்து தூக்குமே, அதற்காக அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே உப்பு மூட்டை அடுக்கினார்கள். தூத்துக்குடியில் உப்பு மூட்டைக்கா பஞ்சம்? மூட்டைமேல் மூட்டை ஏறியது. கட்டை வளைந்தது, முறியவில்லை. இறக்கியதும் பழையபடி நிமிர்ந்தது. பர்னபாஸ் சிலுவை போட்டுக்கொண்டு அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்து அழுதார். நாளைக்குத் துணி போர்த்திவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம்தான் பூனைகள் வந்தன.

ஒன்றல்ல, நாலைந்து. தெருவில் திரிகிற அத்தனையும் கொட்டகைக்குள் புகுந்து இறக்கைமேல் ஏறியிருந்தன. செண்பகம் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள். விரட்டினால் போகவில்லை. கிழட்டுக் கடுவன் ஒன்று கண்ணைச் சொருகிக்கொண்டு கட்டையை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மற்ற மரச்சட்டங்கள் எத்தனையோ இருந்தன. அவற்றை எதுவும் தொடவில்லை. நாலு கட்டைகளை மட்டும் மாறி மாறி நக்கின.

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். கொட்டகைச் சூட்டில் கிடந்த கட்டையிலிருந்து லேசாக மீன் எண்ணெய் வாடை வந்தது.

பர்னபாஸ் பக்கத்தில் வந்தாலே அந்த வாடைதான். அதனால்தான் இத்தனை நாளும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செண்பகம் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரேஸ்புரத்துக்கு நடந்தாள். பர்னபாஸ் வீட்டு வாசலில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மைனி! என்ன இவ்வளவு தூரம்?"

"அண்ணே, அந்தக் கட்டைக்கு எண்ணெய் போட்டீங்களா?"

பர்னபாஸின் முகம் மலர்ந்துவிட்டது. "போடாம? மூணு தடவை சுறா எண்ணெய் ஊட்டுனேன் மைனி. பச்சப்புள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி உள்ளங்கையால தேய்ச்சு, ஊறவிட்டு, துடைச்சு, மேலாக இழைச்சுல்லா கொண்டாந்தேன். தண்ணியில எறங்குற பலகைக்கே எண்ணெய் ஊட்டாம விடமாட்டோம். ஆளைச் சுமந்துக்கிட்டு ஆகாசத்துல போறதுக்கு ஊட்டாம விடுவனா? அண்ணாச்சிகிட்டச் சொல்லல. என் பங்குக்கு இருக்கட்டுமேன்னு செஞ்சேன்."

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. திட்டுகிற குற்றமா அது? பெற்ற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி செய்திருக்கிறார். பசையைப் பற்றி அண்ணாச்சி சொன்னதை மெல்ல எடுத்துச் சொன்னாள். பர்னபாஸின் கையிலிருந்து உளி விழுந்தது. "மாதாவே, கொல்லப் பாத்தேனே, என் கையாலயே கொல்லப் பாத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் செண்பகத்துக்கு ஒரே படபடப்பு. பயம் மட்டுமா? பொய் சொல்லுவானேன், உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். அந்தக் கட்டைகள் குப்பைக்குப் போகும். இன்னொரு பலகை இந்த ஜென்மத்தில் கிடைக்காது. புருஷன் பிழைத்தார், அவள் தாலியும் பிழைத்தது. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

சொன்னாள். பர்னபாஸ் பக்கத்தில் கைகட்டி நின்றார். மந்திரமூர்த்தி ஒட்டிய சட்டம் ஒன்றைக் கையால் இழுத்தார், வரவில்லை. ஓர் உளியை எடுத்து அதன் இடுக்கில் வைத்து நெம்பினார். ஈரத்தில் நனைந்த தபால் தலை மாதிரி அது முழுசாகக் கழன்று வந்தது. இரண்டாவதும் அப்படியே வந்தது. மூன்றாவதை அவர் தொடவில்லை.

"நீரு எனக்கு நல்லது நெனைச்சீரு பர்னபாஸ்" என்றார். "போயி சாப்பிடும். வீட்டுல பிலோமினா காத்துக்கிட்டிருப்பா."

அதோடு கொட்டகைக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு நேரத்துக்குப் போனார், நேரத்துக்கு வந்தார். விமானப் பேச்சே இல்லை. யாராவது கேலியாக, "அண்ணாச்சி, ஏரோப்ளேன் எப்ப கெளம்புது?" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போனார். தேக்கு கேட்டு வந்தவனிடம் கைக்கு வந்ததைக் காட்டினார். மரத்தை விரலால் தட்டிப் பார்க்கிற பழக்கம் நின்றுபோனது. குழம்பில் உப்பு அதிகமா குறைவா என்று ஒரு வார்த்தை கிடையாது. மத்தியானம் அரங்கில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தபடி கிடப்பார். மேலே அந்தப் பலகை!

தரையில் நடக்கிற புருஷன் வேண்டும் என்றுதானே வேண்டினாள்? கிடைத்துவிட்டான். ஆனால் இது அவன் இல்லையே! வரைபடத்தை இலையோரம் விரித்துச் சாம்பாரைச் சிந்திக்கொண்டு மரப் புராணம் பாடியவனைத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. இப்படி வாயில்லாப் பூச்சியாக எதிரில் உட்கார்ந்து சோறு தின்கிறவன் யாரோ எவனோ மாதிரி இருந்தான். 'பாவி, நான்தான் இவரைப் பட்டினி போட்டுக் கொல்லுகிறேன்' என்று ஒரு நாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் மத்தியானம் மந்திரமூர்த்தி சாப்பிட வந்தபோது அரங்கு முழுக்கப் பித்தளைப் பாத்திரம் பரவிக் கிடந்தது. கால் வைக்க இடமில்லை.

"என்னளா, வெள்ளையடிக்கப் போறியா?"

"இந்த முனையைப் பிடிங்க."

"சாப்பிட்டுட்டுப் பிடிக்கேன்."

"இப்ப பிடிங்கங்கேன்."

பிடித்தார். தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார். முகம் மாறியது. மெல்லக் கீழே வைத்தார், மறுபடி தூக்கினார். பல நாளுக்கு அப்புறம் விரலை மடக்கித் தட்டினார். கதவுக்குப் பின்னால் இருந்த அரிவாளை எடுத்துச் சுரண்டினார். பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்கும் கீழே கப்பல் பெயின்டின் சாம்பல் நிறம், அதற்கும் கீழே வெளிர்மஞ்சளாக மரம். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உதறினார். மைத்துளி நாரோடு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"நீங்க தேட ஆரம்பிச்ச அன்னையிலருந்து."

"அடிப்பாவி!" என்று வீடே அதிரக் கத்தினார். "ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சேனே!"

"அலைஞ்சீங்க. உசுரோட அலைஞ்சீங்க."

மந்திரமூர்த்தி அரிவாளைக் கதவுக்குப் பின்னால் திருப்பி வைத்தார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கேருங்க. ஒரே ஒரு தடவைதான் போகணும். எறங்குனதும் என் பலகை என் சுவத்துக்கு வந்திரணும். நாலா அறுத்தாலும் சரி, நாப்பதா அறுத்தாலும் சரி, பக்கத்துல பக்கத்துல வச்சு ஆணியடிச்சுத் தரணும். சத்தியம் பண்ணுங்க."

அவர் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். கை முழுக்க எண்ணெய் ஆனது. பலகையைத் தொடுவதற்கு முன் ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார்.

பர்னபாஸ் வர மாட்டேன் என்றார். செண்பகமே போய்க் கூட்டிவந்தாள். சீயக்காய் போட்டு முழங்கைவரை கழுவி, மனைவி பிலோமினாவிடம் காட்டி, அவள் மோந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் ரம்பத்தைத் தொட்டார். பூனை ஏதாவது எட்டிப் பார்த்தால் அவருக்கு உயிரே போய்விடும். ஒன்றும் இறக்கைமேல் ஏறவில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு விடியற்காலை, உப்பளத்துக்கு அப்பாலுள்ள கெட்டித் தரைக்கு அதை மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். காற்று சரியாக இருக்கிறது என்று பர்னபாஸ் சொன்னார். இன்ஜின் இருமியது, பிறகு உறுமியது. செண்பகம் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. இறக்கையை மட்டும்தான் பார்த்தாள். துணிக்கு உள்ளே தன் பலகை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். 'பெயின்ட் அடிக்கிறவனைத் தாங்கினாய், என் அண்டாவைத் தாங்கினாய், இவரையும் தாங்கு' என்று வாய்விட்டே சொன்னாள்.

அது ஓடியது. குதித்தது. பிறகு குதிக்கவில்லை. தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பனை உயரம் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. கடல் பக்கம் திரும்பி, உப்புக் குவியல்களுக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, தடதடவென்று வந்து இறங்கியது. எவ்வளவு நேரம் ஆனது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. முந்தானை நுனியைக் கடித்துக் கிழித்திருந்தாள்.

மந்திரமூர்த்தி இறங்கி வந்தார். கண்ணெல்லாம் நீர்.

"உப்புக் குமியெல்லாம் நீ காயப்போட்ட வடகம் மாதிரி இருக்குளா" என்றார். வீடு வந்து சேர்ந்ததும், நன்றாக இருக்கிறது என்று சொல்லி மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சொன்ன சொல் தவறாத மனுஷன். மறுநாள் காலையிலேயே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். துணியைக் கிழிப்பதற்கு முன் இறக்கையை இறக்க வேண்டும். ஒரு நட்டைக் கழற்றினார். இரண்டாவது நட்டில் கை வைத்தபோது வாசலில் நிழல் விழுந்தது. செண்பகம் வந்திருந்தாள். வாசலில் நிற்கவில்லை, உள்ளேயே வந்துவிட்டாள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் சீயக்காய் தேய்த்துக் குளித்து, முடியை உலர்த்திக் கட்டியிருந்தாள்.

"அதைத் திருப்பி மாட்டுங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேன்ளா."

"எங்கிட்டத்தானே பண்ணுனீங்க? நானே திருப்பித் தாரேன், வச்சுக்கிடுங்க."

"பித்தளைப் பானையெல்லாம்?"

"தரையில கெடந்தா ஒண்ணும் தேஞ்சுபோகாது."

அவர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி நின்றார். அவள் காப்பியை நீட்டினாள்.

பானைகள் தரையில்தான் கிடந்தன. அந்த அரங்குக்குள் போன யாரும் கால் விரலை அண்டாவில் இடித்துக்கொள்ளாமல் வெளியே வந்ததில்லை. சாத்தூரிலிருந்து வருகிற ஒவ்வொரு தடவையும் முத்துக்கனி இடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே அம்மாவைத் திட்டுவாள். "மரக்கடைக்காரர் வீட்டுல ஒரு பலகைக்கா பஞ்சம்? இங்கன ஒண்ணை அடிச்சா என்னம்மா?"

"ஏற்கெனவே ஒண்ணு இருக்குளா" என்பாள் செண்பகம். "வெளிய போயிருக்கு. வந்துரும்."